திரையில் எழும் திரைகள்

‘திரை’ என்னுஞ் சொல் தமிழில் இருபொருள் பயப்பது. கடலில் எழுந்து கரையில் மடியும் அலையும் திரை. ஒளி விழுந்து படமாகும் துணியும் பலகையும் திரை. தனித்தனியே வழங்கிவந்த இவ்விரு பொருளும் இக்காலத்து ஒன்றனுள் ஒன்று புகுந்துவிட்டன. கணிப்பொறித் திரையிலே கடற்றிரை எழுகின்றது, சரிகின்றது, நுரை கக்குகின்றது. காண்பார் அதனை மெய்க்கடலென்றே மயங்குகின்றனர். இம்மயக்கத்தை உண்டாக்கும் அறிவு யாது, அது யாருக்குப் பயன்படுகின்றது, யாரை விட்டுவிட்டுச் செல்கின்றது என்பவை தமிழ்நாட்டுக் கடற்கரையில் வாழ்வார் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாக்களாம்.

கேளம்பாக்கத்துக் கூட்டுச்சாலையில் நிற்பார்க்கு இவ்வினா எளிதில் விளங்கும். வடக்கே சிறுசேரி, உலகெங்கும் உள்ள குழுமங்களுக்குத் தமிழிளைஞர் மென்பொருள் எழுதித்தரும் மாளிகைகள் அங்கே வானளாவி நிற்கின்றன. தெற்கே தையூர், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் 163 ஏக்கர் வளாகம் அங்குள்ளது. ஆழமில்லாக் கரைக்கடலின் அலைகளைப் பல திசைகளினின்றும் எழுப்பிக் காட்டவல்ல நீர்த்தொட்டி ஒன்றை அக்கழகம் அவ்வளாகத்தில் அமைத்து, ஆசியாவிலேயே இத்தகையவற்றுள் பெரியது இதுவென 2023-ஆம் ஆண்டு அறிவித்தது. கிழக்கே உப்பளங்களையும் பக்கிங்காம் கால்வாயையும் கடந்து செல்லும் சாலை கோவளத்துப் பரதவர் குப்பத்திற் சென்று முடிகின்றது. அங்கிருந்து கரையோடு வடக்கே சென்றால், கப்பலோட்டக் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் கானத்தூரிலும் உத்தண்டியிலும் உள்ளன. இவ்வளவும் ஒருநாள் நடைத் தொலைவிற்குள் அடங்குவன. மென்பொருள் எழுதுவார், அலையை அளப்பார், கப்பலோட்டக் கற்பார், அலைமேல் வாழ்வார் ஆகிய நால்வரும் ஒரே வட்டத்துள் வாழ்கின்றனர். ஆயினும், கோவளத்துப் பரதவன் ஒருவன், ‘என் கடலை எவ்வாறு கணக்கிட்டீர்?’ என்று தன் மொழியிற் கேட்பானாயின், அவன் மொழியில் விடை சொல்ல அணியமாயிருப்பார் எத்துணைப் பேர்?

கணிப்பொறிக்குள் கடலைப் படைக்கும் முறையை முதற்கண் அறிதல் வேண்டும். அஃதொன்றும் மறைபொருளன்று. கடல் என்பது ஓர் அலையன்று என்பதே அதன் அடிப்படை. ஒரே உயரமும் ஒரே நீளமும் உடைய அலையைத் திரையிலே ஓடவிட்டால், அது தகரக் கூரைபோலத் தோன்றுமேயன்றிக் கடலாகத் தோன்றாது. வெவ்வேறு நீளமும் உயரமும் திசையும் கொண்ட அலைகள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாய்க் கூட்டுதல் வேண்டும். ஓர் அலையின் முகடும் மற்றோர் அலையின் முகடும் சேருமிடத்து நீர் உயரும். முகடும் அகடும் சேருமிடத்து நீர் தணியும். இக்கூட்டலே கடலின் ஒழுங்கற்ற ஒழுங்கிற்கு ஏதுவாகும்.

அவ்வலைகளுங்கூட நினைத்தவாறு ஓடுவனவல்ல. ஆழ்கடலில் ஓரலை கடந்து அடுத்த அலை வருதற்கு 5 நொடி யாகுமாயின், அவ்வலையின் நீளம் ஏறத்தாழ 39 மீட்டர். அதன் விரைவு மணிக்கு 28 கிலோமீட்டர். 10 நொடி யாகுமாயின், நீளம் 156 மீட்டர். விரைவு மணிக்கு 56 கிலோமீட்டர். நெட்டலை விரைந்தோடும்; குற்றலை பின்தங்கும். இவ்விதியைப் பிழையாகக் கையாண்ட மென்பொருளின் கடல், எத்துணை அழகாயிருப்பினும், கண்ணுக்கு ஏதோ பொய்யெனத் தோன்றிவிடும். காண்பான் விதியை அறியான். ஆயினும் அவன் கண் அறியும்.

அலையின் வடிவமும் கருதத்தக்கது. மெய்யலையின் முகடு கூர்மையானது. அகடு அகன்று தட்டையானது. நீர்த்துளி மேலுங்கீழும் மட்டும் அசையாமல், வட்டமாகச் சுழல்வதே அதற்குக் கரணியம். பொகீமிய நாட்டுப் பேரறிஞர் கெர்சுட்டனர் 1802-ஆம் ஆண்டிலேயே இதனைக் கணக்கால் நிறுவிக் காட்டினார். கணிப்பொறி என்பதே தோன்றாத காலத்து அவர் வகுத்த வாய்பாட்டைத்தான் இன்றைய விளையாட்டு மென்பொருள்கள் எடுத்தாள்கின்றன. சிற்சில அலைகளை அவ்வாய்பாட்டால் அமைத்துக் கூட்டினாலே சிறு குளமும் ஏரியும் திரையில் உயிர்பெற்றுவிடும்.

பெருங்கடலுக்கு அது போதாது. இலக்கக் கணக்கான அலைகள் வேண்டும். எந்நீள அலைக்கு எவ்வளவு ஆற்றல் என்னும் பங்கீட்டை ‘அலைமாலை’ எனலாம். ஒளியின் நிறப் பங்கீட்டை நிறமாலை என்பது போன்றதே இது. வட அட்லாண்டிக்குக் கடலில் நின்ற வானிலைக் கப்பல்களின் அளவுகளைக் கொண்டு, காற்றின் விரைவுக்கேற்ற அலைமாலையைப் பியேர்சன், மொசுகோவிட்சு என்னும் இருவர் 1964-இல் வகுத்தனர். ஐரோப்பாவின் வடகடலில் அளந்து கண்ட மற்றோர் அலைமாலை 1973-இல் வெளிவந்தது. இவையும் இவைபோல்வனவுமே உலகெங்கும் போலச்செய்கை மென்பொருள்களில் பெரிதும் எடுத்தாளப்படுகின்றன.

512-க்கு 512 என்னும் கட்டத்திலே கடலை விரிப்பதாயின், கூட்டவேண்டிய அலைகள் 2,62,144. ஒவ்வொரு புள்ளியிலும் ஒவ்வோர் அலையையும் நேராகக் கூட்டப் புகுந்தால், ஒரே ஒரு படத்திற்கு ஏறத்தாழ 6,870 கோடி கூட்டல்கள் ஆகும். 1965-இல் அமெரிக்கராகிய கூலே, துக்கி என்னும் இருவர் வெளியிட்ட விரைவுக் கணக்குமுறை இதனை ஏறத்தாழ 47 இலக்கப் படிகளுக்குச் சுருக்கிவிட்டது. அம்முறையின் துணையாலேதான் 1997-இல் வெளிவந்த ‘தைட்டானிக்கு’த் திரைப்படத்தின் கடல், நீரில்லாமலே நீராயிற்று. தெசந்தார்பு என்னும் அமெரிக்க அறிவியலார் இம்முறையைத் தெளிவாக எழுதிப் பாடக் குறிப்பாக அனைவர்க்கும் வழங்கினார். இன்று உலகிற் படம் செய்யும் இளைஞர் பலர்க்கும் அக்குறிப்பே அரிச்சுவடி. அறிவை ஒளித்துவைக்காமல் எழுதி வழங்கிய அப்பண்பு போற்றத் தக்கது, பின்பற்றத் தக்கதுமாகும்.

இத்துணையும் புகழ்ச்சிக்குரியனவே. எனினும், கண் நம்பினால் போதும் என்பது திரைப்படத்தின் அளவுகோல். உயிரையும் ஊரையும் ஒப்படைக்கும் இடத்தில் அவ்வளவுகோல் செல்லாது. இங்கேதான் தமிழ்மக்கள் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

அலைகளைக் கூட்டிப் படைக்கும் அத்திரைக்கடல் அடிப்படையில் கரையில்லாக் கடல். ஆழம் முடிவற்றதெனக் கொண்ட கடல். கோவளத்துக் கடலோ கரையுடையது, மணல்மேடுடையது, முகத்துவாரமுடையது. அலைநீளத்திற் பாதியினும் ஆழம் குறைந்தவிடத்து அலை தரையை உணரத் தொடங்கும். 156 மீட்டர் நீள அலை 78 மீட்டர் ஆழத்திலேயே தரையைத் தொட்டறிகின்றது. அதன்பின் அதன் விரைவு குன்றும், நீளம் சுருங்கும், கரையை நோக்கி வளையும், நிமிரும், நீராழத்தின் முக்காற் பங்களவு உயர்ந்தவுடன் உடையும். இவ்வுடைப்பைக் கணக்கிடுதல் வேறொரு கலை. ஆழ்கடற் கூட்டலை மட்டும் அறிந்தவன் அலையுடையும் கரையை அறிந்தவனாகான். தையூரிலே தொட்டி கட்டி நீரையே எழுப்பிப் பார்ப்பதன் தேவை இதுவே. கணக்கு சொல்வதை நீர் ஒப்புகின்றதா என்று பார்த்தலே நேர்மையான அறிவியல்.

அக்கரையை நாளும் கணக்கிடுவார் வேறு சிலரும் உளர். படகைக் கடலில் தள்ளுமுன் பரதவர் கரையில் நின்று அலையை நோக்குவர். பேரலைகள் சில அடுத்தடுத்து வரும். பின்னர்ச் சிற்றலைகளாய்த் தணியும். அத்தணிவிலே படகு பாயும். அயலான் இதனைப் பழக்கம் என்று சொல்லி நகைத்துவிடுவான். இஃது அலைக்கூட்டலின் நேர்விளைவு. 10 நொடிக்கு ஒன்றாய் வரும் அலையும் 11 நொடிக்கு ஒன்றாய் வரும் அலையும் ஒருங்கே வந்தால், அவை 110 நொடிக்கு ஒருமுறை முகடொடு முகடு சேர்ந்து உயரும். இடையில் முகடொடு அகடு சேர்ந்து தணியும். மென்பொருளாளன் திரையிற் கூட்டிக் காண்பதைப் பரதவன் மணலில் நின்று பிரித்துக் காண்கின்றான். இன்று கோவளத்தில் அலைச்சறுக்குப் பலகையேறி விளையாடும் மீனவ இளைஞரும் இவ்வறிவையே முதலாகக் கொண்டவர். இருவர் அறிவும் ஒன்றே. இருவரையும் பிரித்து நிற்பது மொழி.

அப்பிரிவால் விளையும் கேடு சிறிதன்று. அலை உயர்வு பற்றிய முன்னறிவிப்பை ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் செய்திப் பணி நடுவம் விடுக்கின்றது. அதன் செய்தி தமிழ்க்கரையையும் தமிழிலேயே எட்டுகின்றது. நன்றே. ஆனால், ‘2.5 மீட்டர் அலை’ என்பதன் பொருள் யாது? எல்லா அலையும் 2.5 மீட்டர் என்பதா? அதற்குமேல் எவ்வலையும் எழாது என்பதா? இரண்டுமன்று. வரும் அலைகளை உயர வரிசையில் அடுக்கி, மேலுள்ள மூன்றிலொரு பங்கின் நிரவலை எடுப்பர், அதுவே அவ்வெண். அதனைத் தமிழிற் ‘தலைப்பங்கு உயரம்’ எனலாம். ஆயிரம் அலைகள் வந்தால் அவற்றுள் மிகப் பெரியது அவ்வெண்ணின் ஏறத்தாழ 1.86 மடங்கு இருக்கும் என்பது கணக்கு. 2.5 மீட்டர் என்று கேட்டுச் சென்றவன் இரண்டு மூன்று மணிநேரத்திற்குள் 4.65 மீட்டர் அலையொன்றைச் சந்திக்கக் கூடும்! மேலும், உள்ளூர்க் காற்றலை 1.5 மீட்டரும் தொலைவினின்று வந்த நெட்டலை 2 மீட்டரும் ஆயின், கூட்டுத்தொகை 3.5 மீட்டர் ஆகாது, 2.5 மீட்டரே ஆகும். உயரத்தை நேரே கூட்டுதல் பிழை. உயரத்தின் இருமடியைக் கூட்டி மூலங் காண்டல் வேண்டும். எண்ணை மட்டும் தமிழில் தந்து, எண்ணின் பொருளைத் தமிழில் தாராதொழிவது, கதவைக் காட்டித் திறவுகோலை மறைப்பது போன்றது.

காற்றே இல்லாத நாளில், தொலைவான தென்பெருங்கடலிற் பிறந்த நெட்டலைகள் வந்து கரையை விழுங்குவதுண்டு. அதனைக் கேரளக் கரையின் மீனவர் ‘கள்ளக்கடல்’ என்றனர். கள்வன்போல் அறியாமல் வருதலின் அப்பெயர். அறிவியலுலகம் அதற்கு வேறு பெயர் தேடி அலையவில்லை. அச்சொல்லையே 2012-இல் யுனெசுகோ அறிவியல் வழக்கிற்கு ஏற்றது. 2024 மே 6-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டக் கரையில் மருத்துவ மாணவர் ஐவர் உயிரை அலை கொண்டுசென்றது. அது கள்ளக்கடல் முன்னறிவிப்பு நடப்பிலிருந்த காலம். சொல் இருந்தது, அறிவிப்பும் இருந்தது, அச்சொல்லின் பொருள் கடலறியா இளையோரின் நெஞ்சில் ஏறியிருக்கவில்லை. இனியேனும் பள்ளிப் பாடத்தில் ஏற வேண்டாவா?

உயிரைப் போலவே நிலமும் ஈங்கு ஈடுவைக்கப்படுகின்றது. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கினின்று வடக்கே நகரும். வடகிழக்குப் பருவக்காற்றுத் திங்கள்களில் தெற்கே திரும்பும். 1881-இல் முடிவுற்ற சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் அந்நகர்வை மறித்தன. தெற்கே மெரினா மணல் விரிந்தது. வடக்கே இராயபுரத்துக் கரை தேய்ந்தது. புதுச்சேரியில் 1980-களில் எழுந்த துறைமுகச் சுவர்களால் நகரின் மணற்கரையே மறைந்துபோயிற்று. பின்னர்ப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், நீருள் தடுப்பமைத்து அம்மணலின் ஒரு பகுதியை மீட்டது. அலைக்கணக்கைப் புறக்கணித்ததால் இழந்த மணலை அலைக்கணக்காலேயே மீட்டமை கருதத்தக்கது.

ஆகவே, கரையில் ஒரு கல்லை இடுமுன் கணிப்பொறிக்குள் கடலை எழுப்பிப் பார்க்கின்றனர். அத்திரைக்கடல் சொல்லும் தீர்ப்பாலே ஒரு குப்பம் நிற்கும், அல்லது பெயரும். இந்நிலையில் 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கை சொல்வது யாது? அறிக்கையின் சுருக்கம் மட்டும் மாநில மொழியிலும் இருத்தல் வேண்டும் என்பதே. அலைக்கணக்கு அடங்கிய உடற்பகுதி ஆங்கிலத்திலேயே கிடக்கும். எந்த அலைமாலை கொள்ளப்பட்டது? எந்த ஆண்டின் காற்று? எத்திசை நெட்டலை? கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து நிற்கும் பரதவன் இவற்றை எவ்வாறு வினவுவான்? 2020-இல் அவ்வறிவிக்கையின் புதிய வரைவை எட்டாம் அட்டவணை மொழிகள் இருபத்திரண்டிலும் வெளியிடுமாறு தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டபோது, நடுவணரசு அதனை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றது. ஒரு வரைவைத் தன் குடிமக்கள் மொழியிற் பெயர்த்துத் தருவதற்கே இத்துணை மறுப்பென்றால், அலைக்கணக்கைப் பெயர்த்துத் தருவார் யார்?

‘இவற்றிற்கெல்லாம் தமிழிற் சொல் உண்டா?’ என்று வினவுவார் தமிழருள்ளேயே உளர். அலை, திரை, ஓதம், புணரி, முகடு, அகடு, கழி, முகத்துவாரம் என்று கடலுக்குரிய சொற்களை அள்ளிவைத்திருக்கும் மொழி இது. வடக்குக் காற்றை வாடையென்றும், கிழக்குக் காற்றைக் கொண்டலென்றும், தெற்குக் காற்றைத் தென்றலென்றும், மேற்குக் காற்றைக் கோடையென்றும் திசைக்கொரு பெயரிட்ட மொழி இது. நீரோட்டத்திற்கு ‘நீவாடு’ என்னும் அழகிய சொல்லைத் தென்கடற் பரதவர் இன்றும் நாவில் வைத்துள்ளனர். ‘கட்டுமரம்’ என்னும் சொல்லை ஆங்கிலனே கடன்கொண்டு சென்றான். கள்ளக்கடலை உலகமே ஏற்றது. ஈந்த மொழியை இரக்கும் மொழியென்பது அறியாமையேயாகும்.

மற்றொரு சாரார், ‘மென்பொருள் உலகப் பொதுத்தொழில், அதனை ஆங்கிலத்திற் செய்தாலன்றிப் பிழைப்பில்லை’ என்பர். அதில் உண்மை உண்டு. கட்டளை வரிகளை எம்மொழியில் எழுதினும் எழுதுக. வெளிநாட்டுக் குழுமத்திற்கு விடையை அவர் மொழியிலேயே விடுக்க. அதனைத் தடுப்பார் இலர். ஆனால், தமிழ்க்கரையின் அலையைத் தமிழ்நாட்டு மண்ணிலே தமிழிளைஞர் கணக்கிட்டு, அக்கணக்கால் தமிழ்க்குப்பத்தின் வாழ்வு தீரும்போது, அதன் விளக்கம் தமிழில் இல்லாதிருப்பதற்கு எந்தப் பிழைப்பும் ஏதுவாகாது.

செய்யத்தக்கன மூன்று. முதலாவது, வங்கக்கடலின் அலைமாலை. வட அட்லாண்டிக்கில் அளந்த அலையைத் தழுவிக்கொண்டு கோவளத்துக் கடலைப் படைத்தல் முழுமையாகாது; தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் புயற்காலத்திலும் இக்கரை காணும் அலைகளின் அளவுகளை, மாணவரும் மென்பொருளாளரும் எளிதில் எடுத்தாளுமாறு தமிழ்க்குறிப்புடன் வெளியிடுதல் வேண்டும். இரண்டாவது, கருத்துக் கேட்பு. கடலோரக் கட்டுமானம் எதற்கும் அலைக்கணக்கின் உடற்பகுதியைத் தமிழில் தருதலோடு, அத்திரைக்கடலைக் குப்பத்து மணலிலேயே திரைகட்டிக் காட்டுதல் வேண்டும். ஐப்பசி அலையையும் ஆனி அலையையும் ஆயுள் முழுதும் கண்டவர் அதனைப் பார்த்து, ‘இஃது எம் கடல்’ என்றோ, ‘இஃது எம் கடலன்று’ என்றோ சொல்லட்டும். அவர் சொல்லும் பிழையைத் திருத்தாத கணக்கு கணக்கன்று. மூன்றாவது, அகராதி. தையூரிலும் பள்ளிக்கரணையிலும் உள்ள ஆராய்ச்சியாளரும், சிறுசேரியின் இளைஞரும், கோவளம் முதல் மாமல்லபுரம் வரையுள்ள பரதவரும் ஓரிடத்தில் அமர்ந்து, இருநூறு சொற்களையேனும் ஒருங்கே தொகுத்தல் வேண்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டா, மனம் வேண்டும்.

2004 திசம்பர் 26-ஆம் நாள் இக்கரையார் கற்ற பாடம் எளிதில் மறக்கத் தக்கதன்று. நாலாயிரம் மீட்டர் ஆழக் கடலில் மணிக்கு எழுநூறு கிலோமீட்டர் விரைவில் வந்த ஆழிப்பேரலை, மாமல்லபுரத்தையும் கல்பாக்கத்தையும் கோவளத்தையும் ஒரே காலையில் தாக்கியது. அன்று நீர் உள்வாங்கியதைக் கண்டு அதன் பொருளறியாமல் கடலை நோக்கிச் சென்றவர் பலர். அலையைப் பற்றிய அறிவு உலகில் அன்றும் இருந்தது. அவர்தம் மொழியில், அவர்தம் கரையில், அவ்வேளையில் இல்லை. அவ்வளவே.

பல அலைகள் ஒருங்கு கூடியே கடல் ஆகின்றது. தனியோர் அலை கடலாகாது. மென்பொருளாளன் அறிவும், பொறியாளன் அறிவும், பரதவன் அறிவும் தனித்தனி அலைகளாய் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை முகடொடு முகடு சேர்த்து உயர்த்த வல்லது அம்மூவர்க்கும் தாயாகிய மொழி ஒன்றே. திரையில் எழும் திரையைக் கண்டு வியந்தது போதும். அத்திரையைக் கரையிலுள்ளவன் கையில் தமிழாகக் கொடுக்கும் வேலையைக் கேளம்பாக்கத்திலேயே தொடங்குக!